ரப்பர் மூடியின் ஈரம்

நான்கு நாள் வெயிலில் காய்ந்து, கையில் அள்ளினால் கலகலவென்று ஓசையிடும் வடகத்தை, அன்று காலையில்தான் கழுவித் துடைத்த தகரப் பெட்டியில் கொட்டி, இறுக மூடிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது அது நமுத்துப்போயிருந்தால், மழைக்காற்று புகுந்துவிட்டது என்று காற்றின்மேல் பழியைப் போடுவதுதான் உலக வழக்கம். எங்கள் பாட்டி அந்தப் பழியை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பெட்டியைக் காட்டிலும் அதன் மூடியைத்தான் அவள் அதிக நேரம் வெயிலில் கவிழ்த்து வைப்பாள். மூடியின் விளிம்பு மடிப்புக்குள் ஒரு சொட்டு ஜலம் தங்கிவிட்டால் அது என்றைக்காவது உள்ளே இறங்கியே தீரும் என்பது அவளுடைய தீர்மானம். ஊசிமருந்துகளை உறையவைத்து உலர்த்தும் தொழிலைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அந்தத் தொழிலில் ஈடுபட்ட விஞ்ஞானிகளும் பல வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள் என்று அறிந்து, எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சுகாதார நிலையத்தில் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும்போது கவனித்தவர்கள் ஒன்றை அறிந்திருப்பார்கள். செவிலியர் எடுக்கும் சிறு கண்ணாடிக் குப்பியில் திரவம் எதுவும் இராது. அடியில் உலர்ந்த பில்லை ஒன்று மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும். தனியே வரும் கரைநீரை, ரப்பர் மூடியைத் துளைத்த ஊசியின் வழியாக உள்ளே செலுத்தியதும், அந்தப் பில்லை கண்மூடித் திறப்பதற்குள் கரைந்து மருந்தாகிவிடும். தொழிலில் உள்ளவர்கள் இந்தப் பில்லையைக் ‘கேக்’ என்றே சொல்லுகிறார்கள். தடுப்பூசிகள் மாத்திரமல்ல, கிருமிகளைக் கொல்லும் ஔஷதங்கள் சிலவும், புற்றுநோய்க்கான மருந்துகள் பலவும், உயிரணுக்களைக் கொண்டு உண்டாக்கப்படும் புரத மருந்துகளும் இந்த உருவத்தில்தான் வருகின்றன. நீரில் கரைந்த நிலையில் இவை சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மருந்தின் அணுக்கூட்டங்கள் ஒன்றையொன்று தேடிச் சேரவும், உடையவும், உருமாறவும் நீரே பாதையாக அமைகிறது; பாதையை எடுத்துவிட்டால் பயணமும் நின்றுவிடுகிறது.

ஆனால் அந்த நீரை அடுப்பிலேற்றிக் காய்ச்சி விரட்ட முடியாது. மருந்தும் உடன் மாளும். ஆகையால் கரைசலைக் குப்பிகளில் ஊற்றி, பெரிய இரும்பு அறைக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, முதலில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்துக் கல்லாக்குகிறார்கள். பிறகு அறையிலுள்ள காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். பனிக்கட்டி, நீர், ஆவி ஆகிய மூன்று நிலைகளும் ஒருங்கே நிற்கக்கூடிய புள்ளி ஒன்று இயற்கையில் உண்டு, அது 0.01 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 611 பாஸ்கல் அழுத்தமும் சேருமிடம். அழுத்தம் அதற்குக் கீழே போய்விட்டால் திரவ நீருக்கு அங்கே ஸ்தானமே இல்லை. பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிவிடும், பூஜை அறையில் திறந்து வைத்த கற்பூரம் தானே கரைந்து மறைவதைப்போல. இப்படிப் பனி முழுவதும் பதங்கமாகிப் போக ஒரு நாளாகலாம், பல நாட்களும் ஆகலாம். அதன் பின்பும் மருந்தோடு பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நீரை நீக்குவதற்காக, 25 முதல் 40 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றி, மேலும் பல மணி நேரம் வெற்றிடத்திலேயே வைக்கிறார்கள். இத்தனை பிரயத்தனத்துக்கும் பிறகு கேக்கில் எஞ்சும் ஈரம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கு உள்ளேயே இருக்கும்.

இந்த வித்தைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. 1906-இல் பாரிஸில் தார்சோன்வாலும் போர்தாவும், 1909-இல் அமெரிக்காவில் ஷாக்கெல் என்பவரும் வழிகாட்டினார்கள். 1935-இல் ஃபிளாஸ்டார்ஃப், மட் என்னும் இருவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மனித ரத்தச் சீரத்தை உலர்த்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் உலர்ந்த ரத்தத் திரவம் போர்முனைக்கே சென்று உயிர்களைக் காத்தது. எனினும், இதன் பெருமையை உலகமெல்லாம் உணரச் செய்தது பெரியம்மைத் தடுப்பு மருந்துதான் என்பது என் எண்ணம். லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் லெஸ்லி காலியர் என்பவர் 1950-களில் அம்மைப்பாலோடு பெப்டோன் என்னும் பொருளைச் சேர்த்து உறையவைத்து உலர்த்திக் காட்டினார்; வெப்ப நாடுகளின் வெயிலிலும் மாதக்கணக்கில் வீரியம் குன்றாமல் நின்ற அந்த மருந்து இல்லாதிருந்தால், 1967-இல் தீவிரமாகத் தொடங்கிய இயக்கம் 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்ற பிரகடனத்தில் முடிந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்த மருந்து கண்ணாடிச் சிமிழில் அடைக்கப்பட்டு, சிமிழின் கழுத்து தீயில் உருக்கி மூடப்பட்டது என்பதை இங்கே விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். கண்ணாடி நீரைக் குடிப்பதுமில்லை, கக்குவதுமில்லை. ஆகவே உருக்கி மூடிய சிமிழுக்குள் உலர்ந்த மருந்து உலர்ந்தபடியே இருக்கும். ஆனால் சிமிழின் கழுத்தை உடைக்கும்போது கண்ணாடித் துகள் உள்ளே விழலாம், கையைக் கிழிக்கலாம், ஒருமுறை உடைத்ததை மறுபடி மூட இயலாது. ஊசி துளைத்ததும் தானே கூடிக்கொள்ளும் ரப்பர் மூடி இந்தச் சங்கடங்களையெல்லாம் தீர்த்தது. தீர்த்தபோதே, கண்ணாடிக்கு இல்லாத ஒரு குணத்தையும் தன்னோடு கொண்டுவந்தது.

அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அலட்சியமாகத்தான் தோன்றும். கட்டைவிரல் நகமளவுள்ள சாம்பல் நிறக் காளான். ஆனால் அதன் தண்டு, சாதாரண மூடிகளைப்போல் முழு உருளையாக இராமல், கால்களாகப் பிளவுபட்டிருக்கும். அந்தப் பிளவில் ஒரு பெரிய சூட்சுமம் அடங்கியிருக்கிறது. மருந்தை ஊற்றியதும் மூடியைக் குப்பியின் வாயில் பாதியளவே செருகி நிறுத்துகிறார்கள்; பனி ஆவியாகும்போது நீராவி அந்தக் கால்களின் இடைவெளி வழியாக வெளியேறுகிறது; உலர்த்தல் முடிந்ததும், அறையைத் திறக்காமலே, வெற்றிடத்திலோ அல்லது உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பியோ, மேலேயுள்ள தட்டுகளை இயந்திரம் அமுக்க, ஆயிரக்கணக்கான மூடிகள் ஏககாலத்தில் முழுவதும் இறங்கி அடைத்துக்கொள்ளுகின்றன. மனிதக் கையும் வெளிக்காற்றும் படாமல் நடக்கும் இந்தக் காரியத்தைக் காட்டிலும் பத்திரமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்றே யாருக்கும் தோன்றும்.

அப்படி அடைக்கப்பட்ட குப்பிகளைச் சில மாதங்கள் வைத்திருந்து திறந்து அளந்தபோதுதான், அரைச் சதவீதமாக இருந்த ஈரம் ஒன்றாகவும், ஒன்றரையாகவும், சிலவற்றில் அதற்கு மேலும் உயர்ந்திருப்பது தெரிந்தது. நீர் எங்கிருந்து வந்தது? முதல் சந்தேகம் வெளிக்காற்றின்மேல்தான் விழுந்தது. ஆனால் இந்த மூடிகள் பூட்டைல் என்னும் ரப்பர் இனத்தைச் சேர்ந்தவை. 1937-இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களான தாமஸும் ஸ்பார்க்ஸும் கண்டுபிடித்த இந்த ரப்பர், வாயுக்களைத் தன்னூடே எளிதில் விடாத குணத்தினால், முதலில் மோட்டார் வண்டிச் சக்கரங்களின் உள்டியூப்பாகப் புகழ்பெற்றது. பின்னால் குளோரினும் புரோமினும் சேர்த்துத் திருத்தப்பட்ட வகைகளே இன்று மருந்து மூடிகளாகின்றன. காற்றையே எளிதில் விடாத ரப்பர், நீராவியை மட்டும் இத்தனை தாராளமாக விட்டுவிடுமா?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைச் சொன்னவர்கள், எலை லில்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த மைக்கேல் பைக்கலும் அவருடைய சகாவான ஷாவும் ஆவர். 1992-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் யுக்தி எளிமையானது, எளிமையாலேயே அழகானது. எவ்விதப் பக்குவமும் செய்யாத மூடி, நீராவியில் கிருமி நீக்கிய மூடி, கிருமி நீக்கியபின் வெற்றிடத்தில் உலர்த்திய மூடி என்று பல நிலைகளில் மூடிகளை எடுத்து, அவற்றால் அடைத்த குப்பிகளைப் பல்வேறு வெப்பங்களில் வைத்து, காலம் செல்லச் செல்லக் கேக்கின் ஈரம் எப்படி உயருகிறதென்று அளந்தார்கள். வெளியிலிருந்து நீர் கசிந்து வருவதானால், அது நிற்காமல் ஏறிக்கொண்டே போகவேண்டும். மூடி எப்படிப் பக்குவப்பட்டது என்பதைப் பொருட்படுத்தவும் கூடாது. அவர்கள் கண்டதோ வேறு. ஈரம் ஏறியது, ஓர் அளவை எட்டியது, எட்டியபின் அங்கேயே நின்றுவிட்டது. எட்டிய அளவும் மருந்துக்கு மருந்து, கேக்கின் எடைக்குத் தக்கபடி, எல்லாவற்றுக்கும் மேலாக மூடிக்குச் செய்த பக்குவத்துக்குத் தக்கபடி மாறியது. குப்பியைக் குளிரில் வைத்தால் ஏறும் வேகம் குறைந்ததே தவிர, கடைசியில் போய் நிற்கும் அளவு பெரும்பாலும் மாறவில்லை. நீர் வெளியிலிருந்து வரவில்லை, மூடிக்குள்ளேயே இருந்தது, இருந்த இடத்திலிருந்து, மூடியைவிடத் தாகம் மிகுந்த கேக்கை நோக்கி, இரண்டுக்கும் சமநிலை உண்டாகும்வரை நகர்ந்தது.

ரப்பருக்கும் நீருக்கும் ஸ்நேகமில்லையே, அதற்குள் நீர் எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். மூடி என்பது வெறும் ரப்பர் அல்ல. அதற்கு உறுதி தருவதற்காகக் களிமண் தூள், சிலிக்கா முதலிய கனிமப் பொருள்கள் சேர்த்துப் பிசைந்த கலவை. ரப்பர் விரும்பாத நீரை அந்தக் களிமண் விரும்பி ஏற்றுக்கொள்ளுகிறது. களிமண்ணைச் சுட்டுச் சேர்த்தால் அதன் தாகம் குறைகிறது. எனவே ஒரே பூட்டைல் இனத்திலேயே இரண்டு கம்பெனிகளின் கலவைகள் நீரைக் குடிப்பதில் பெரிதும் வேறுபடுகின்றன. குடிப்பதற்கான சந்தர்ப்பமும் தாராளமாக வாய்க்கிறது. தூசியைப் போக்குவதற்காக மூடிகளைச் சுத்த நீரில் கழுவுகிறார்கள்; கிருமிகளைப் போக்குவதற்காக 121 டிகிரி நீராவியில் வேகவைக்கிறார்கள். நோயாளியின் உயிரைக் காப்பதற்கு இன்றியமையாத இந்த இரண்டு சடங்குகளுமே மருந்தின் ஆயுளைக் குறைக்கும் ஈரத்தை மூடிக்குள் ஏற்றிவிடுகின்றன என்பதுதான் இந்த விஷயத்தின் உண்மையான கஷ்டம்.

உறையவைத்து உலர்த்தும் அறையில் மூடியும் மருந்தோடு நாட்கணக்கில் வெற்றிடத்தில் இருக்கிறதே, அதுவும் அங்கேயே காய்ந்துவிடாதா என்பது நியாயமான மற்றொரு கேள்வி. காய்வது கொஞ்சம்தான். பனி ஆவியாகும் காலமெல்லாம் அறை குளிர்ந்தே இருக்கிறது. குளிரில் ரப்பரின் உட்பகுதியிலிருந்து நீர் மிக மெதுவாகவே வெளிப்புறத்துக்கு நகரும். பிற்பாதியில் வரும் மிதமான சூடும் சில மணி நேரந்தான். அறையைவிட்டு வெளியே வந்து, அலமாரியில் ஆறு மாதமும் ஓராண்டும் நிற்கும்போது, அந்த மெதுவான நடைக்கு வேண்டிய அவகாசம் முழுவதும் கிடைத்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அபாயத்தின் அளவு விளங்கும். மூடி ஒரு கிராம் எடையுள்ளது என்றும், அதில் அரைச் சதவீதம் ஈரம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அது 5 மில்லிகிராம் நீர். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை மில்லிகிராம், கேக்குக்குப் போய்ச் சேருகிறதென்று கொள்வோம். கேக்கின் எடை ஒரு கிராமாக இருந்து, அதன் ஈரம் அரைச் சதவீதமாக இருந்தால், 5 மில்லிகிராம் ஐந்தரையாகும்; ஒருவரும் கவனிக்கப்போவதில்லை. கேக்கின் எடை 50 மில்லிகிராமாக இருந்தாலோ, அதிலிருந்த கால் மில்லிகிராம் நீர் முக்கால் மில்லிகிராமாகிவிடும். அரைச் சதவீத ஈரம் ஒன்றரைச் சதவீதமாக, மூன்று மடங்காக ஏறிவிடும். மூடி ஒன்றே, நீர் ஒன்றே, சிறிய கேக்குக்குத்தான் கேடு. இக்காலத்து மருந்துகள் வீரியம் மிகுந்தவை. மில்லிகிராம் கணக்கிலும் அதற்குக் குறைவாகவும் கொடுக்கப்படுபவை. ஆகவே கேக்கும் சிறுத்துக்கொண்டே போகிறது. மானிட்டால் போன்ற சர்க்கரை வகைப் பொருளைச் சேர்த்துக் கேக்கைப் பெருக்கிவிடலாமே என்றால், மானிட்டால் படிகமாக நின்றுகொண்டு தன் பங்கு நீரை ஏற்க மறுத்துவிடும். வந்த நீரெல்லாம் பக்கத்திலுள்ள மருந்தின் தலையிலேயே விடியும்.

அந்த ஒன்றரைச் சதவீதமும் இரண்டு சதவீதமும் என்ன செய்துவிடும்? புரத மருந்துகளைக் காப்பதற்காகச் சேர்க்கப்படும் சுக்ரோஸ், அதாவது நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரை, உறைந்து உலர்ந்த நிலையில் படிகமாகாமல் கண்ணாடியைப்போல் இறுகி நிற்கிறது. அந்தக் கண்ணாடிக்குள் புரதம் அசையாமல் புதைந்து கிடக்கிறது. நீரே இல்லாத சுக்ரோஸ் கண்ணாடி சுமார் 70 டிகிரி வெப்பத்தில்தான் இளகத் தொடங்கும். ஆனால் ஒவ்வொரு சதவீத ஈரமும் அந்த எல்லையை ஏறக்குறைய 10 டிகிரி கீழே இழுத்துவிடுகிறது. நான்கு சதவீதம் சேர்ந்துவிட்டால், கோடைக்காலத்து அறையின் வெப்பமே அதை இளக்கப் போதும். இளகிய கேக் சுருங்கிச் சரிகிறது. புதைந்திருந்த புரதங்கள் விடுபட்டு ஒன்றோடொன்று திரளுகின்றன. கண்ணுக்குக் கேக்கின் உருவம் கெடாமலிருக்கும்போதே மருந்தின் குணம் குறையத் தொடங்கியிருக்கவும் கூடும். இதனால் ஒரேயடியாக ஈரமே கூடாது என்று முடிவு கட்டிவிடலாகாது. உயிருள்ள நுண்ணுயிர்களைக் கொண்ட சில தடுப்பு மருந்துகளில், அளவுக்கு மீறி உலர்த்தினால் அந்த உயிர்களே மடிந்துவிடும். ஒவ்வொரு மருந்துக்கும் தகுந்த அளவு ஒன்று உண்டு. அந்த அளவு கடைசிவரை நிலைப்பதுதான் பிரதானம்.

ஆகவே, மூடியை உலர்த்துவது என்னும் காரியம், கேட்பதற்கு அற்பமாக இருந்தாலும், பெரிய தொழிற்கலையாகிவிட்டது. நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பல மணி நேரம் உலர்த்தவேண்டியிருக்கிறது. மேற்பரப்பில் ஒட்டிய நீர் அரை மணியில் போய்விடுகிறது, ஆனால் உள்ளே புகுந்த நீர் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை. உட்பகுதியிலிருந்து நீர் வெளியேற ஆகும் காலம் தடிமனின் வர்க்கத்துக்கேற்ப வளருகிறது. தடிமன் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பெரிய 20 மில்லிமீட்டர் மூடிக்கும் சிறிய 13 மில்லிமீட்டர் மூடிக்கும் ஒரே உலர்த்தல் நேரத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது இதனால் தெரியும். குவியலாகக் கொட்டி உலர்த்தினால் நடுவிலிருக்கும் மூடிகள் கடைசிவரை ஈரமாகவே இருக்கும். அதற்காகவே சுழலும் உருளைக்குள் அவற்றைப் புரட்டிப் புரட்டி, வெற்றிடத்தையும் வடிகட்டிய சூடான காற்றையும் மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். மிதமிஞ்சிச் சூடேற்றினாலோ ரப்பர் முதுமையடைந்து, பிசுபிசுத்து, நெகிழ்ச்சியை இழந்துவிடும். ஈரத்துக்குப் பயந்து அடைப்பையே கெடுத்துக்கொண்ட கதையாகும்.

உலர்த்தி முடிந்தபின்தான், என் அபிப்பிராயத்தில், மிக அதிகமான கவனக்குறைவுக்கு இடமிருக்கிறது. நீராவி புகுந்து கிருமியைக் கொல்லவேண்டும் என்பதற்காக ஒரு பக்கம் மூச்சுவிடும் தாளால் செய்யப்பட்ட பைகளில்தான் மூடிகள் இருக்கின்றன. நீராவிக்கு வழிவிட்ட அந்தத் தாள், அறையிலுள்ள ஈரக் காற்றுக்கும் வழிவிடுகிறது. மருந்து ஊற்றும் இயந்திரம் பழுதுபட்டு நின்று, பை இரண்டு நாள் காத்திருந்தால், எட்டு மணி நேரம் செலவழித்து விரட்டிய நீரில் ஒரு பங்கு சத்தமில்லாமல் திரும்பி வந்து அமர்ந்துவிடும். இதனால்தான் பொறுப்புள்ள தொழிற்சாலைகளில், உலர்த்தியதிலிருந்து உபயோகிக்கும்வரை எத்தனை மணி நேரம் போகலாம் என்பதைச் சோதித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொற்பமான நீரை அளப்பது எப்படி? கார்ல் ஃபிஷர் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் 1935-இல் வெளியிட்ட முறையே இன்றும் ஆதாரமாக நிற்கிறது. கந்தக டையாக்ஸைடு கலந்த கரைசலில் அயோடின் செலவாக வேண்டுமானால் நீர் இருந்தாகவேண்டும். எவ்வளவு அயோடின் செலவாயிற்றோ அதைக்கொண்டு நீரின் அளவைச் சொல்லிவிடலாம். மூடியைச் சிறு உலையில் சூடாக்கி, வெளிவரும் நீராவியை உலர்ந்த நைட்ரஜனால் அடித்துச் சென்று அந்தக் கரைசலில் சேர்க்கிறார்கள். மில்லிகிராமின் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இதற்குத் தப்பாது. ஆனால் அளக்கப்பட்ட மூடியும் குப்பியும் அத்துடன் தீர்ந்தன. அதே குப்பியில் அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று அறிய வழியில்லை. சுமார் 1,400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கற்றையை நீராவி விழுங்கும் என்பதைப் பயன்படுத்தி, குப்பியின் கழுத்துக்குக் குறுக்கே லேசர் ஒளியைச் செலுத்தி, திறக்காமலே உள்ளிருக்கும் நீராவியை அளக்கும் கருவிகள் பிற்காலத்தில் வந்து இந்தக் குறையைத் தீர்த்தன. குப்பியின் காலியிடத்தில் தங்கக்கூடிய நீர் மிகச் சொற்பம். 25 டிகிரியில் ஈரத்தால் நிறைந்த காற்றே லிட்டருக்கு 23 மில்லிகிராம் நீரைத்தான் சுமக்கும். பத்து மில்லிலிட்டர் இடத்தில் கால் மில்லிகிராம்கூடத் தேறாது. அது நீர் தங்கும் வீடு அல்ல. மூடியிலிருந்து கேக்குக்குச் செல்லும் தெரு. தெருவில் நடமாட்டம் எவ்வளவு என்று பார்த்தே இரண்டு வீடுகளின் நிலைமையையும் ஊகித்துவிடலாம்.

ஒரு மருந்தின் ஆயுளை விரைவில் மதிப்பிட வேண்டும்போது, 40 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் குப்பிகளை ஆறு மாதம் வைப்பது இப்போது உலகெங்கும் வழக்கமாகிவிட்ட ஏற்பாடு. அப்படி வைத்த இரண்டு வரிசைக் குப்பிகளை எண்ணிப் பார்ப்போம்: ஒரே மருந்து, ஒரே குப்பி, ஒரே கம்பெனியின் மூடி. ஒரு வரிசைக்கு மூடிகளை நீராவியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் மட்டும் உலர்த்தியிருக்கிறார்கள், மற்றொரு வரிசைக்கு எட்டு மணி நேரம். முதல் மாதத்திலேயே முதல் வரிசைக் கேக்குகளின் ஈரத்தைக் குறிக்கும் கோடு காகிதத்தில் மேலே கிளம்பி, மூன்றாம் மாதத்துக்கு மேல் வளைந்து, ஓர் உயரத்தில் படுத்துக்கொள்ளுகிறது. இரண்டாம் வரிசையின் கோடு தரையை விட்டு எழும்பவே தயங்குகிறது. வெளியே அதே ஈரக் காற்று இரண்டு வரிசைகளையும் ஆறு மாதமும் சமமாகச் சூழ்ந்து நிற்கிறது.